சப்ரகமுவச் சாலைகள் – 9: ஒக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்

1961 இன் பிற்பகுதியில் பிரித்தானிய மோட்டார் கோப்பரேஷன் தன்னுடைய குடும்பக் கார்களான ஒஸ்டின் கேம்பிரிட்ஜையும் மொரிஸ் ஒக்ஸ்போர்டையும் திருத்தி வெளியிட்டது. எஞ்சின் பெரிதாயிற்று, சக்கரங்களுக்கிடையே அகலம் கூடிற்று, பின்புறத்து வால்சிறகு குறைந்தது. அந்தக் காலத்தில்தான் இலங்கை அரசு அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் கார் இறக்குமதியை ஏறத்தாழ நிறுத்தியது. புதிய கார் தயாரான நேரமும் சந்தை மூடிய நேரமும் ஒன்றாக அமைந்தன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப் பகுதிகளில் அடுத்த பதினாறு ஆண்டுகளுக்கு எந்தக் கார் ஓடும் என்பதை இந்த இரண்டும் சேர்ந்து தீர்மானித்தன.

இறப்பர் விலையும் இங்கிலாந்துக் காரும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலங்கையின் கார்ச் சந்தை பெரும்பாலும் பிரித்தானியர் கையில் இருந்தது. பேரரசு நாடுகளின் பொருள்களுக்குச் சுங்கத்தில் கிடைத்த சலுகை அதற்கு ஒரு காரணம். கொழும்பில் இருந்த முகவர் நிறுவனங்களும், தோட்டத் துரைமார் தங்கள் நாட்டுக் காரையே விரும்பியதும் மற்றக் காரணங்கள். 1947 இல் ஒஸ்டின் ஏ-40 டெவன் வந்தது. நாடு சுதந்திரம் பெற்ற 1948 இல், போருக்குப் பிந்திய முதலாவது மொரிஸ் ஒக்ஸ்போர்ட் வெளியாயிற்று. போட்டியாளர்களாக இருந்த ஒஸ்டினும் மொரிஸின் தாய் நிறுவனமான நஃபீல்டும் 1952 இல் இணைந்து பிரித்தானிய மோட்டார் கோப்பரேஷன் ஆயின.

இக்கார்களை வாங்கும் பணம் தோட்டத்திலிருந்து வந்தது. 1950களில் தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்கள் ஆகிய மூன்றுமே நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு ஈட்டின. சப்ரகமுவ மாகாணம் இதில் முக்கியமான இடம் வகித்தது. கேகாலை இலங்கையின் முதன்மையான இறப்பர் மாவட்டங்களில் ஒன்று. இரத்தினபுரியில் இறப்பரும் தேயிலையும் கலந்து வளர்ந்தன, அவற்றோடு மாணிக்கக் கல் வணிகமும் இருந்தது. 1950 இல் கொரியப் போர் மூண்டதும் உலகச் சந்தையில் இறப்பர் விலை ஏறியது. அந்த ஏற்றம் தணிந்தபோது, 1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. சந்தை விலைக்கு மேலான விலையில் சீனா இறப்பரை வாங்கிக்கொண்டு அரிசி அனுப்பியது.

கொழுந்து பறித்த கையும் பால் வெட்டிய கையும் ஈட்டிய செலாவணியில்தான் ஒவ்வொரு காரும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியது. அந்தக் கைகளுக்கு உரியவர்களோ 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்து லயத்து அறைகளில் இருந்தார்கள். காரில் ஏறியவர்கள் தோட்டத் துரைமார், தோட்ட உரிமையாளர்கள், நகரத்து வைத்தியர்கள், சட்டத்தரணிகள், இரத்தினக்கல் முதலாளிமார் ஆகியோர். சிறு நகரங்களில் ஹயர் கார் வைத்திருந்தவர்களும் இச்சந்தையில் முக்கியமானவர்கள். கல்யாணம், கோயில் பயணம், நோயாளியை இரத்தினபுரி அல்லது கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் அவசரம் என்று தோட்டத்துக் குடும்பம் காரில் ஏறும் அரிய சமயங்களில் அவர்களுடைய கார்தான் வந்தது.

1954 இல் ஒக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசை வெளிவந்தது. மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸின் கைவண்ணம் அது. 1489 கன சென்ரிமீற்றர் அளவுள்ள ‘பி வரிசை’ எஞ்சின் அதில் பொருத்தப்பட்டது. 1956 இல் மூன்றாம் வரிசை வந்தது. மோட்டார் வரலாற்றில் மிக நீண்ட ஆயுள் பெற்ற உடல்களில் ஒன்றாக அது மாறவிருந்தது. ஆனால் அந்த ஆயுள் இங்கிலாந்திலோ இலங்கையிலோ அமையவில்லை.

1959: ஓர் உடல், ஐந்து பெயர்

1950களின் நடுப்பகுதியில் கோப்பரேஷனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஒஸ்டின், மொரிஸ், எம்.ஜி., ரைலி, வுல்ஸ்லி ஆகிய ஐந்து பெயர்களுக்கும் தனித்தனி முகவர்களும் தனித்தனி வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். ஐந்துக்கும் ஐந்து கார் செய்வது கட்டுப்படியாகவில்லை. இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் பட்டிஸ்டா பினின் ஃபரினாவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் ஓர் உடலை வரைந்தார். முன்புறக் கம்பித்தட்டி, விளக்குகள், உள்ளிருக்கைத் துணி, கருவிப்பலகை ஆகியவற்றை மட்டும் மாற்றி அதே உடல் ஐந்து பெயர்களில் விற்கப்பட்டது.

வுல்ஸ்லி 15/60 முதலாவதாக 1958 டிசம்பரில் வந்தது. 1959 ஜனவரியில் ஒஸ்டின் ஏ-55 கேம்பிரிட்ஜின் இரண்டாம் மாதிரியும், மார்ச்சில் மொரிஸ் ஒக்ஸ்போர்டின் ஐந்தாம் வரிசையும் வெளியாயின. முன்னைய கார்களின் உருண்ட தோற்றம் மறைந்து, நேர்கோடுகளும் அகன்ற கண்ணாடிகளும் பின்புறம் உயர்ந்த சிறகுகளும் வந்தன. நீளம் ஏறத்தாழ நான்கரை மீற்றர். ஐந்து பேர் தாராளமாக அமரலாம், பெட்டிகள் வைக்கும் பின்னறை விசாலமானது. பினின் ஃபரினா அடுத்த ஆண்டில் பிரெஞ்சு நிறுவனமான பேஜோவுக்கு வரைந்த 404 காரும் இதே சாயலில் அமைந்தது. அந்தப் பேஜோவும் பின்னாளில் இலங்கைச் சாலைகளில் நற்பெயர் பெற்றது.

தோற்றம் புதிதாயினும் அடிப்பகுதி பழையதுதான். அதே 1489 எஞ்சின், பின்சக்கர இயக்கம், பின்னால் இலைவில், முன்னால் சுருள்வில், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அகலமும் எடையும் கூடிய உடலுக்கு அந்த எஞ்சின் போதுமானதாக இல்லை. வளைவுகளில் உடல் சாய்கிறது என்ற குறையும் எழுந்தது.

இலங்கையில் இந்தத் தலைமுறைக் கார்களை இலக்கத் தகட்டைப் பார்த்தே அடையாளம் காணலாம். 1958 க்கு முந்திய கார்கள் ஆங்கில எழுத்துத் தகட்டுடன் ஓடின. 1958 ஜனவரி முதல் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அதற்கெதிரான போராட்டம் வடக்குக் கிழக்கோடு நிற்காமல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கும் பரவியது. போகவந்தலாவையில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஃபரினா கார்கள் அனைத்தும் அந்த ‘ஸ்ரீ’ தகட்டுடனேயே தோட்டப் பகுதிக்கு வந்தன.

1961: என்ன மாறியது

1961 இன் திருத்தம், எஞ்சினின் வலுக்குறைவுக்கும் வளைவுகளில் உடல் சாய்வதற்குமான விடை. ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ-60 என்ற பெயரையும், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் ஆறாம் வரிசை என்ற பெயரையும் பெற்றன. எஞ்சின் 1622 கன சென்ரிமீற்றராக வளர்ந்து 61 குதிரைவலு தந்தது. முன்பின் அச்சுகளுக்கிடையே ஏறத்தாழ ஓர் அங்குல நீளம் கூடியது. இடவலச் சக்கரங்களுக்கிடையிலான அகலமும் கூடியது. உடல் சாய்வதைத் தடுக்கும் உறுதிக் கம்பிகள் சேர்க்கப்பட்டன. வால்சிறகு தணிக்கப்பட்டு, முன்முகம் எளிமையாக்கப்பட்டது. தானியங்கிக் கியர் வேண்டுவோருக்கும் டீசல் எஞ்சின் வேண்டுவோருக்கும் தனி மாதிரிகள் கிடைத்தன. டீசல் எஞ்சினின் வலு 40 குதிரைதான், ஆயினும் வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு எரிபொருள் செலவு மிச்சமானது.

மலைச் சாலைக்கு இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் பொருளுள்ளவை. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை வழியாக ஊவாவை நோக்கி ஏறும் ஏ-4 பாதை, எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாக கினிகத்தேனைக்கு ஏறும் ஏ-7 பாதை, பெல்மதுளையிலிருந்து இறக்குவானைக்குச் செல்லும் மலைப்பாதை ஆகியவை அடுத்தடுத்த வளைவுகள் கொண்டவை. அங்கே அகன்ற சக்கர இடைவெளியும் உறுதிக் கம்பியும் காரைத் தரையோடு பிடித்து வைத்தன. கூடுதல் வலு, ஐந்து பேரும் சாமானும் ஏறிய காரை மூன்றாம் கியரில் இன்னும் சற்றுத் தூரம் ஏற்றிச் சென்றது.

ஒரு குறை தீரவில்லை. நான்கு கியர்ப் பெட்டியில் முதலாம் கியருக்கு ஒத்திசைவுப் பொறி கிடையாது. செங்குத்தான தோட்டப் பாதையில் வேகம் விழுந்தபின் முதலாம் கியருக்கு இறங்க வேண்டுமானால், காரை நிறுத்த வேண்டும், அல்லது கிளச்சை இருமுறை மிதித்து எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் கியரைப் போட வேண்டும். பின்னால் வளைவு, பக்கத்தில் பள்ளம் என்ற நிலையில் இதைப் பதற்றமின்றிச் செய்தவரே மலை ஓட்டுநர்.

விற்பனையைப் பொறுத்தவரை ஃபரினா கார்கள் கோப்பரேஷனை ஏமாற்றவில்லை. ஐந்து பெயர்களிலுமாக எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டன. 1964 இல் இசிகோனிஸ் வடிவமைத்த ஒஸ்டின் 1800 இவற்றின் இடத்தைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. முன்சக்கர இயக்கமும் நீர்ம வில்லமைப்பும் கொண்ட அந்தக் கார் 1965 ஆம் ஆண்டின் ஐரோப்பியக் காராகத் தெரிவாயிற்று. ஆனால் அதன் விலையும் அளவும் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பொருந்தவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் 1969 வரையும் ஒக்ஸ்போர்ட் 1971 வரையும் தயாரிப்பில் நீடித்தன. எளிமையான பொறியமைப்பு அவற்றை ஓய்வு வயதைக் கடந்தும் விற்க வைத்தது.

மூடிய கதவு

1950களின் பிற்பகுதியில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஆண்டுக்காண்டு கரைந்தது. ஏற்றுமதி விலை தளர்ந்தது, அரிசி இறக்குமதியும் மானியமும் வளர்ந்தன. 1960, 1961 ஆண்டுகளில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதி உரிமமும் செலாவணிக் கட்டுப்பாடும் கொண்டுவந்தது. கட்டுப்பாட்டின் முதல் பட்டியலில் தனியார் கார் இடம்பெற்றது. 1965 இல் வந்த டட்லி சேனநாயக்க அரசு 1967 நவம்பரில் ரூபாவின் பெறுமதியைக் குறைத்தது. 1968 மே மாதத்தில் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்து, அத்தியாவசியமற்ற இறக்குமதிக்குக் கூடுதல் விலை விதித்தது. 1970 க்குப் பிந்திய ஆண்டுகளில் பிடி மேலும் இறுகியது.

ஆகவே ஏ-60 கேம்பிரிட்ஜும் ஆறாம் வரிசை ஒக்ஸ்போர்டும் இலங்கைக்கு வந்தது சிறு அளவில்தான். வீடுகளிலும் ஹயர் கார் நிறுத்தங்களிலும் நின்றவற்றில் பெரும்பாலானவை அவற்றுக்கு முந்திய மாதிரிகள். பழைய காரின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. வருடம் செல்லச் செல்லப் பெறுமதி குறைய வேண்டிய பொருள், இலங்கையில் பெறுமதி கூடும் சொத்தாக மாறியது.

தோட்டங்களிலும் கை மாறியது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிர்வாகத்தை ஏற்றன. பிரித்தானியத் துரைமார் நாடு திரும்பினார்கள். அதே ஆண்டுகளில் 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கின. 1973–74 உணவுப் பஞ்சம் தோட்டங்களில் பட்டினிச் சாவுகளை விளைத்தது. செலாவணி ஈட்டியவர்களுக்கே அரிசியும் மாவும் கிட்டாத காலம் அது. காரின் வரலாற்றை எழுதும்போது அந்தக் காலத்தை ஒதுக்கிவிட முடியாது.

1973 இல் உலக எண்ணெய் விலை ஏறியபோது பெரிய பெற்றோல் கார் மேலும் சுமையாயிற்று. இரத்தினபுரி இரத்தினக்கல் வணிகம் மட்டும் வேறொரு பாதையில் சென்றது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. ஏற்றுமதியாளர்கள் ஈட்டிய செலாவணியில் ஒரு பங்கை மாற்றத்தக்க ரூபாக் கணக்கில் வைத்துச் செலவிட 1972 முதல் வழி கிடைத்தது. பல தோட்டங்கள் நலிந்த அந்த ஆண்டுகளில் அந்த நகரத்தில் மாணிக்கப் பணம் புழங்கியது.

இந்தியாவும் ஜப்பானும் சென்ற வழி

இதே குடும்பத்துக் கார் இரண்டு அயல்நாடுகளில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இலங்கையின் நிலை தெளிவாகும்.

இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் மூன்றாம் வரிசையின் வார்ப்புகளைப் பெற்று, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் அம்பாசடர் என்ற பெயரில் தயாரித்தது. 1957–58 இல் தொடங்கிய அந்தக் கார், 1962 இல் இரண்டாம் மாதிரி, 1975 இல் மூன்றாம் மாதிரி, 1979 இல் நான்காம் மாதிரி என்று முகம் மாறியது. 1489 கன சென்ரிமீற்றர் அளவுள்ள பழைய எஞ்சினுக்குத் துணையாக 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசு எஞ்சின் வந்தது. உடல் மட்டும் 1956 ஆம் ஆண்டின் உடலாகவே இருந்தது. 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலை நின்றது. போட்டியில்லாத சந்தை காரைக் காப்பாற்றியது, அதே பாதுகாப்பு வளர்ச்சியை நிறுத்தியது. சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து தமிழகம் சென்று நீலகிரியில் குடியேறியவர்கள் அங்கே கண்ட வாடகைக் கார் இந்த அம்பாசடர்தான்.

ஜப்பானில் நிஸான் நிறுவனம் 1952 டிசம்பரில் ஒஸ்டினுடன் ஒப்பந்தம் செய்தது. 1953 இல் ஏ-40 சொமர்செட் காரைப் பொருத்தத் தொடங்கி, 1955 முதல் ஏ-50 கேம்பிரிட்ஜைத் தயாரித்தது. பகுதிகளை ஒவ்வொன்றாக உள்நாட்டிலேயே செய்யப் பழகியது. அமெரிக்கப் பொறியியலாளர் டொனால்ட் ஸ்டோனின் ஆலோசனைப்படி, ஒஸ்டினின் 1489 எஞ்சினில் உந்துதண்டின் ஓட்டத்தைக் குறைத்து ஒரு லீற்றர் எஞ்சினாக மாற்றியது. 1957 இன் டட்சன் கார் அதில் ஓடியது. ஒஸ்டின் ஒப்பந்தம் முடிந்த கையோடு 1960 இல் செட்ரிக் என்ற தன் சொந்தப் பெரிய குடும்பக் காரை வெளியிட்டது. கற்றுக்கொண்டதை ஏழே ஆண்டுகளில் கடந்து செல்லும் திட்டம் அந்நிறுவனத்திடம் இருந்தது.

இந்தியா காரைச் செய்தது, ஜப்பான் கற்று மேலே சென்றது, இலங்கை கதவை மூடிவிட்டு உள்ளே இருந்ததைப் பழுதுபார்த்தது. மூன்று நாடுகளும் 1950களில் இங்கிலாந்துக் கார்களிலிருந்தே புறப்பட்டன.

கராஜின் காலம்

இலங்கையின் வழியிலும் ஒரு திறமை பிறந்தது. 1961 முதல் 1977 வரை சப்ரகமுவ நகரங்களின் கராஜ்கள் சிறு தொழிற்சாலைகளாக இயங்கின. எஞ்சினின் உருளைகளைக் கடைந்து அடுத்த அளவுப் பிஸ்டன் போடுவதும், தேய்ந்த தண்டை அரைத்து மெல்லிய பேரிங் பொருத்துவதும், வெடித்த வில்லின் இலையை லொறி வில்லிலிருந்து வெட்டி எடுப்பதும் அன்றாட வேலைகளாயின. பி வரிசை எஞ்சின் கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட், எம்.ஜி. கார்களிலும் மொரிஸ் வான்களிலும் பொதுவாக இருந்தது பெரும் உதவி. ஒன்று செத்தால் அதன் உறுப்பில் இன்னொன்று பிழைத்தது.

எஞ்சினைவிட உடலே பெரிய சிக்கல். ஃபரினா காருக்குத் தனியான சட்டம் கிடையாது, தகட்டு உடலே தாங்கும் சட்டமுமாகும். களு கங்கை வெள்ளமும் நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளில் ஒன்றான இரத்தினபுரியின் ஈரமும் கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டை அரித்தன. அது அரித்தால் கார் நடுவில் தொய்யும், கதவு மூடாது. டிங்கரிங் பாஸ்மார் தகரத்தை அளந்து வெட்டி, வளைத்து, ஒட்டிக் காருக்கு மீண்டும் முதுகெலும்பு கொடுத்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் இந்தக் கராஜ்களில் ஒன்றாகத் தொழில் பழகினார்கள். பாடப்புத்தகத்தில் ஏறாத அந்த அறிவு, குருவிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகச் சென்றது. வடக்கில் இதன் உச்சம் 1990களில் தெரிந்தது. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ-40 முதலிய பழைய கார்கள், சிறிது பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. நுட்பமான நவீன எஞ்சின் செய்ய முடியாத காரியம் அது.

1977 க்குப் பின்

1977 இல் ஜே. ஆர். ஜெயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததும் ஜப்பானியக் கார்கள் வந்திறங்கின. நிஸான் சன்னி, டொயோட்டா கொரோல்லா, மிட்சுபிஷி லான்சர் ஆகியவை சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்துக் கார்களின் இடத்தைப் பிடித்தன. அவை சிறியவை, எரிபொருளைச் சிக்கனப்படுத்தியவை. ஜப்பானில் பாவித்த கார்களும் வந்ததால் விலை கட்டுப்படியாயிற்று. அந்த வேளையில் மறுபடி வடிவமைத்துப் போட்டியிட பிரித்தானியத் தொழிலிடம் வலு எஞ்சியிருக்கவில்லை. ஒக்ஸ்போர்டின் இடத்துக்கு 1971 இல் வந்த மொரிஸ் மரினா பழைய நற்பெயரைக் காப்பாற்றவில்லை.

தோட்டப் பகுதியில் பெரிய குடும்பக் காரின் இடத்தை வேறு இரண்டு வாகனங்கள் எடுத்துக்கொண்டன. குடும்பமாகவும் கூட்டமாகவும் செல்ல ஜப்பானிய வான் வந்தது. தனிப் பயணத்துக்கும் அவசரத்துக்கும் இந்தியாவின் பஜாஜ் முச்சக்கர வண்டி வந்தது. லயத்துக்கு அருகில் வரை ஏறக்கூடிய, தோட்டத்து இளைஞர் ஒருவர் லீசிங்கில் வாங்கக்கூடிய முதல் மோட்டார் வாகனம் இந்த முச்சக்கர வண்டி. கார் தராத இயக்கச் சுதந்திரத்தைத் தொழிலாளர் குடும்பத்துக்கு அது தந்தது.

2020 மார்ச்சில் செலாவணி நெருக்கடி கதவை மீண்டும் மூடியது. தனியார் வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் 1960களைப் போலவே பழைய கார்களின் விலை ஏறியது, கராஜ்களுக்கு வேலை பெருகியது.

மதிப்பீடு

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கார்களின் 1961 ஆம் ஆண்டுத் திருத்தம் நல்ல பொறியியல் வேலை. மலைச் சாலைக்குப் பொருந்தக்கூடியது. அதன் பலனை இலங்கை மிகக் குறைவாகவே பெற்றது, காரணம் காரில் இல்லை. இந்நாட்டில் பெரிய குடும்பக் காரின் சந்தையை எப்போதும் தீர்மானித்து வந்தது செலாவணிக் கையிருப்பு. அந்தக் கையிருப்பின் பெரும்பகுதியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஈட்டிக் கொடுத்தது தோட்டத் தொழிலாளியின் உழைப்பு. அந்த உழைப்புக்குரிய கூலியும் உரிமையும் கிடைத்திருந்தால், சப்ரகமுவத் தோட்டங்களே இந்தக் கார்களுக்கு ஒரு சந்தையாக இருந்திருக்கும். இன்றும் எந்த நிறுவனத்தின் புதிய மாதிரியும் தோட்டத்துக்குள் விலைபோக வேண்டுமானால், அதற்கு முன் நாட்சம்பளம் உயர வேண்டும், லயத்து வாசல்வரை செல்லும் பாதை செப்பனிடப்பட வேண்டும்.